கூரையில் ஒரு கம்பி

2025 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குப் போயிருந்தபோது, தங்கையின் வீட்டுக் கூரையில் புதிதாக ஒரு கம்பி முளைத்திருப்பதைக் கண்டேன். கம்பி என்பது முற்றிலும் சரியான சொல் அல்ல. பழைய தொலைக்காட்சி அன்ரனாவிலிருந்து கழற்றிய இரண்டு அலுமினியக் குழாய்கள். ஒவ்வொன்றும் 53.4 சென்ரிமீற்றர் நீளம். விரித்துப் பிடித்த கவராயம் போல 120 பாகை கோணத்தில், ஒரு பி.வி.சி. குழாயின் நுனியில் கிடையாகப் பொருத்தப்பட்டிருந்தன. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் என் மருமகனின் கைவேலை அது. அங்கிருந்து இறங்கிய வயர், அவனது மேசையிலிருந்த மடிக்கணினியில் செருகப்பட்ட, தீப்பெட்டியைவிடச் சற்றே நீண்ட ஒரு கருவிக்குள் சென்று முடிந்தது. வானிலைச் செய்மதிகள் அனுப்பும் படங்களை நேரடியாக வாங்கப் போவதாகச் சொன்னான்.

தங்கைக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்கோ உதைக் கழட்டச் சொல்லி. ஆராவது வந்து என்னெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கு இந்த அச்சம் விளங்காமற் போகலாம். வன்னியில் ஒரு தலைமுறைக்குக் கூரையில் நிற்கும் கம்பி என்பது வெறும் கம்பி அல்ல. அது ஒரு கேள்வி. யார் வைத்தது, யாரோடு பேசுகிறது, எந்தப் பக்கத்துக்கு என்ற கேள்வி. துவக்கு வைத்திருந்த எந்தத் தரப்பும் அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை. போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் சென்ற பின்பும், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் எதையும் நட்டுவிட அவள் விரும்பாததில் வியப்பில்லை.

ஆனால் அதே வன்னியில் வானலையை வாங்குவதற்கு மக்கள் பட்ட பாடும் எனக்கு நினைவிருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி உள்ளே வர அனுமதியில்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் ஜாம் போத்தல் விளக்கு எரியும். செய்தி கேட்பதற்கோ சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தார்கள். இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை தொடங்கும்போது முற்றத்தில் பத்துப் பேர் கூடியிருப்பார்கள். ஒருவர் கை சோர்ந்தால் அடுத்தவர் சுற்றுவார். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். உடனே நாலு பக்கத்தாலும் ஏச்சு விழும். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்ற எனக்கு மின்னியல் பற்றித் தெரிந்த அனைத்தும் அந்த முற்றத்தில் கற்றவை. ஆகவே தங்கைக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் இயலவில்லை. "ஒரு கிழமை பொறு, என்ன வருகுதெண்டு பாப்பம்" என்றேன்.

அந்த ஒரு கிழமையும் ஒன்றும் வரவில்லை.

மருமகன் இணையத்திலிருந்த ஒரு வழிகாட்டியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருந்தான். அமெரிக்காவின் நோவா-19 செய்மதி தலைக்கு மேல் வரும் நேரத்தில் 137.1 மெகாஹேர்ட்ஸில் கேட்கவேண்டும், கடிகாரம் அடிப்பது போன்ற ஓசை வரும், அந்த ஓசையே படமாகும் என்று அது சொல்லியது. செய்மதி வரவேண்டிய நேரம் வந்தது, போனது. இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஈயம் வைத்துப் பொருத்திய இடத்தை மூன்று முறை கழற்றிப் பூட்டினான். வயரை மாற்றினான். குற்றம் அவன் கையில் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. நோவா-18 அந்த ஆண்டு யூன் மாதத்திலும், நோவா-19, நோவா-15 ஆகியவை ஓகஸ்ட் மாதத்திலும் சேவையிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. அவன் காது கொடுத்தது ஏற்கெனவே வாய் மூடிய ஒரு செய்மதிக்கு. இணையத்தில் இன்றும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவற்றைத்தான் சிபாரிசு செய்கின்றன. இதைப் படித்துவிட்டு எவரேனும் முயலப் புறப்பட்டால் முதலில் அந்தப் பக்கங்களின் திகதியைப் பாருங்கள்.

அந்தச் செய்மதிகளோடு முடிந்துபோன ஏற்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். 1963 டிசெம்பர் 21 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-8 என்ற அமெரிக்கச் செய்மதி, தான் எடுக்கும் முகிற் படங்களை அந்தக் கணமே கீழ்நோக்கி ஒலிபரப்பியது. பூட்டு இல்லை, சந்தா இல்லை. அது கடந்து செல்லும் நிலத்தில் நிற்கும் எவரும் வாங்கிக்கொள்ளலாம். பெரிய கணினியோ பெரிய நிலையமோ இல்லாத நாடுகளையும் மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. அறுபதாண்டுகளுக்கு மேல் அந்த முறை நீடித்தது. வல்லரசுகள் செய்தவற்றுள் பெருந்தன்மை என்று தயங்காமல் சொல்லத்தக்கவை மிகச் சில. இதை அவற்றுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

வீட்டில் வைத்துச் செய்மதிச் சமிக்ஞை வாங்குவது இலங்கைக்குப் புதிதுமல்ல. 1975இல், செய்மதி மூலம் இந்தியக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி வழங்கும் பரிசோதனை நடந்தபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து, எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் வீட்டில் ஒரு பெரிய கிண்ண அன்ரனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும் செய்மதிகளால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனமே இறங்கி வரவேண்டியிருந்தது. இன்று வேண்டியது, கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு மலிவான சில்லு. அதைக் கொண்டு ஏறத்தாழ எந்த அலைவரிசையையும் கேட்கலாம் என்பதை 2012 அளவில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். இப்போது ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் என்ற பெயரில் முப்பது, நாற்பது அமெரிக்க டொலருக்குக் கிடைக்கிறது. எங்கள் காசில் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். தபாற்செலவும் சுங்கமும் வேறு. மென்பொருள் இலவசம்.

வாய் திறந்தது ரஷ்யச் செய்மதி. மெற்றியோர்-எம் வரிசையில் 2023இலும் 2024இலும் ஏவப்பட்ட இரண்டு செய்மதிகள் 137.9 மெகாஹேர்ட்ஸில் இலக்கமுறையில் படம் அனுப்புகின்றன. ஏறத்தாழ 820 கிலோமீற்றர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. பூமி கீழே உருளுவதால் நாளுக்குச் சில முறை எங்கள் வானத்தைக் கடக்கின்றன. ஒரு கடப்பு கால்மணி நேரம்கூட இல்லை. சாட்டம்ப் என்ற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். திரையில் ஒரு மெல்லிய மேடு எழுந்தது. பிறகு வரி வரியாகப் படம் இறங்கியது. முதலில் வங்காள விரிகுடா. அப்புறம் சோழமண்டலக் கரை. அதன் கீழே, பாக்கு நீரிணைக்கு இப்பால், எங்கள் தீவு. ஒரு புள்ளிக்கு ஒரு கிலோமீற்றர் என்ற அளவில் இரணைமடுக் குளத்தை ஒரு கறுப்புக் கீறலாகக் காணலாம்.

"மாமா, இதை ஒருத்தரும் எங்களுக்கு அனுப்பேல்லை. நாங்களே எடுத்தது" என்றான் அவன்.

முப்பது ஆண்டுகள் மற்றவர்கள் அனுப்பியதை வாங்கி அச்சேற்றிய எனக்கு அந்த வாக்கியம் சற்று உறைத்தது. நான் பணியாற்றிய பத்திரிகையில் வானிலைக்கென்று உள்பக்கத்தில் இரண்டு அங்குலப் பெட்டி ஒன்று இருந்தது. வேறு மொழியில் வரும் அறிக்கையைப் பிற்பகலில் ஒருவர் தமிழாக்குவார். மறுநாள் காலையில் அது வாசகரைச் சென்றடையும். நேற்றைய மழையை நாளைக்கு வரும் என்று நாங்கள் அறிவித்த நாட்கள் உண்டு. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்ற வாக்கியத்தை அச்சுக்கோப்பவர்கள் கலைக்காமலே வைத்திருந்தார்கள் என்று பகிடியாகச் சொல்வதுண்டு. (இந்த இடத்தில் ஒரு முறைப்பாடு: எங்கள் பத்திரிகைகள் இன்னமும் 'சீரற்ற காலநிலை' என்றே எழுதுகின்றன. காலநிலை என்பது முப்பது ஆண்டுகளின் கணக்கு. நாளைக்குப் பெய்யப் போவது வானிலை. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.)

வன்னிக்கு இது பொழுதுபோக்கு அல்ல என்று நான் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1964 டிசெம்பர் 22இல் வவுனியாவைக் கடந்து சென்ற புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. தனுஷ்கோடியை அறியாத தமிழர் இல்லை. அதே புயல் முதலில் மிதித்த வன்னிக் கிராமங்களை நினைப்பவர் குறைவு. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையைக் கொட்டியபோது, இடம்பெயர்ந்த மக்கள் தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்தார்கள். நான் அப்போது வவுனியாவில் இருந்தேன். ஓமந்தைக்கு அப்பால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைக்கூட உறுதியாக எழுத முடியாத நாட்கள் அவை. 2018 டிசெம்பர் 21 இரவு இரணைமடு பெருகிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை வெள்ளம் வடிந்த பின்பும் வடியவில்லை. 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறி வன்னியை ஊடறுத்து மன்னார்ப் பக்கம் சென்றது. அதன் பின் 2025 நவம்பர் இறுதியில் டித்வா.

டித்வா நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிகப் பெரிய இழப்பு மலையகத்தில். வன்னியில் குளங்களும் வீதிகளும் வயல்களும் ஒன்றாயின. இங்கே நான் சொல்ல வருவது அந்த நாட்களின் மௌனத்தைப் பற்றி. மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. முகநூலில் வானிலை பார்த்துப் பழகிய ஒரு சமூகத்தின் கையில் எஞ்சியது வெளிச்சமற்ற கண்ணாடித் துண்டு. எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் வரவில்லை என்ற குறை பின்னர் பரவலாகப் பேசப்பட்டது. நியாயமான குறை. ஆனால் தமிழில் வந்திருந்தாலும் அணைந்த கோபுரத்தின் வழியாக அது எங்கே வந்திருக்கும்?

தங்கையின் வீட்டில் மடிக்கணினியில் கொஞ்சம் மின் எஞ்சியிருந்தது. மருமகன் அதைச் சிக்கனமாக அணைத்து வைத்திருந்து, செய்மதி வரும் நேரத்துக்கு மட்டும் திறந்திருக்கிறான். கடப்பு நேரங்களை மழை தொடங்குமுன்னரே கொப்பியில் எழுதி வைத்திருந்தது அவனது கெட்டித்தனம். மழை சற்று ஓய்ந்த ஓர் இடைவெளியில், "விட்டிட்டுது" என்று சொல்லி அயலவர் சிலர் பொதுமண்டபத்திலிருந்து வீடு திரும்பப் புறப்பட்டார்களாம். அவன் எடுத்த படத்தில் வெண்திரள் எங்கள் தலைக்கு மேலேயே கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். சிலர் நின்றார்கள், சிலர் நிற்கவில்லை. "சின்னப் பெடியன்ர கொம்பியூட்டரை நம்பி மாட்டை விடலாமோ" என்றாராம் ஒரு பெரியவர். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. 2022 டிசெம்பரில் மண்டௌஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஓரிரு இரவுகளில் விறைத்துச் செத்தன. அந்தக் குளிரை எந்த முகிற் படமும் காட்டியிருக்காது.

படத்தின் எல்லை அதுதான், அதை மறைக்கக் கூடாது. முகில் மழை அல்ல. முகிலின் மேற்புறத்தைத்தான் செய்மதி பார்க்கிறது. இரணைமடு எத்தனை அடியில் நிற்கிறது, வவுனியாப் பக்கம் பெய்த மழை கனகராயன் ஆற்றால் எப்போது வந்து சேரும் என்பதையெல்லாம் அது சொல்லாது. புயல் எங்கே கரையேறும் என்று சொல்லும் வேலை வளிமண்டலவியல் திணைக்களத்தினுடையது. வீட்டுக்கு வீடு ஒரு திணைக்களம் தொடங்கினால் வதந்திக்குத்தான் வசதியாகும். 2004 சுனாமிக்குப் பின் "கடல் வருகுது" என்ற ஒரு கூச்சலுக்கே கரையோரக் கிராமங்கள் எத்தனை இரவுகள் ஓடின என்பது முல்லைத்தீவாருக்குத் தெரியும்.

பின் எதற்கு இது? கையில் இணையம் இருக்கிறது, அதில் நிமிடத்துக்கு நிமிடம் வண்ணப்படம் இருக்கிறது என்று கேட்கிறார்கள். இணையம் இருக்கும் நாளில் இது தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இணையம் இல்லாமற் போகும் நாளும் புயல் வரும் நாளும் ஒன்றாக அமைவதுதான் சிக்கல். இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் கலாநிதி நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் எழுதும் வானிலைக் குறிப்புகளை வடக்கு முழுவதும் காத்திருந்து படிக்கிறது. தமிழ்நாட்டில் பிரதீப் ஜோன் எழுதுவதற்கும் அதே வரவேற்பு. இருவரும் செய்தது, திணைக்களத்துக்குப் போட்டியாக எழுந்ததல்ல. தரவைத் தாமே பார்த்து, தம் மக்களின் மொழியில், ஊர்ப் பெயரோடு சொன்னார்கள். ஓர் ஊருக்கு ஒருவர் இருவராவது அந்தக் குறிப்புகளை விளங்கிப் படிப்பவர்களாக, கேள்வி கேட்பவர்களாக இருந்தால் அந்தப் பொதுமண்டபத்து உரையாடல் வேறு விதமாக நடந்திருக்கும். படத்தைத் தன் கையால் வாங்கிய பிள்ளைக்குத்தான் அது எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பது தெரியும்.

எனவே என் கருத்து: வன்னியின் ஒவ்வொரு உயர்தரப் பாடசாலையிலும், கரையோரத்தின் ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் இப்படி ஒரு நிலையம் இருக்கவேண்டும். ஒரு மடிக்கணினி, ஒரு சூரியத் தகடு, ஒரு பற்றரி, இரண்டு குழாய்கள். புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் எங்கள் பாடசாலைகளுக்கு வளைவும் பெயர்ப்பலகையும் கட்டித் தருகின்றன. நன்றியோடு சொல்கிறேன், ஒரு வளைவின் செலவில் ஒரு வலயத்தின் எல்லாப் பாடசாலைகளுக்கும் இதைச் செய்துவிடலாம். பெயர் பொறிக்க இடம் குறைவு என்பது மட்டுமே குறை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு வார இறுதியை ஒதுக்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவற்றால் இயலாதா?

பாடசாலை விளையாட்டு என்று இதை இளக்காரமாக எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 1966இல் இங்கிலாந்தின் கெற்றறிங் என்ற ஊரில், ஜெப்ரி பெரி என்ற பௌதிகவியல் ஆசிரியரும் அவரது மாணவர்களும் ஒரு சாதாரண வானொலி வாங்கியோடு சோவியத் செய்மதிகளைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் பாதை முந்தியவற்றோடு ஒத்துப்போகவில்லை. கணக்குப் பார்த்ததில், உலகுக்கு அறிவிக்கப்படாத ஓர் ஏவுதளத்திலிருந்து அது புறப்பட்டிருப்பது தெரிந்தது. பிளெசெற்ஸ்க் ஏவுதளம் பகிரங்கமானது அப்படித்தான்.

நடைமுறை பற்றி ஒரு சொல். இந்தக் கருவி வாங்குவது மட்டுமே செய்யும். எதையும் ஒலிபரப்பாது. என்றாலும் பாடசாலைகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதி, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. தங்கை கேட்ட கேள்விக்குக் கடதாசியில் ஒரு விடை இருக்கவேண்டும். அந்த விடை கையில் இருந்தால்தான் எங்கள் ஊரில் அதிபர்கள் துணிவார்கள்.

மருமகன் இப்போது அடுத்த படிக்குப் போயிருக்கிறான். மெற்றியோர் வந்து போகும் செய்மதி. இடையில் பல மணி நேரம் இருள். தென்கொரியாவின் ஜி.கே-2ஏ அப்படியல்ல. இரணைமடு பெருகிய அதே 2018 டிசெம்பரில் ஏவப்பட்டு, கிழக்கு நெடுங்கோடு 128 பாகைக்கு மேலே நிலைத்து நின்று, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பூமியின் அரைவட்டம் முழுவதையும் அனுப்புகிறது. 1692 மெகாஹேர்ட்ஸ். அதற்கு ஒரு மீற்றர் அளவில் ஒரு டிஷ்ஷும், இன்னும் அதே அளவு பணத்துக்கு ஒரு சமிக்ஞைப் பெருக்கியும், படத்தைத் திறக்க இணையத்தில் கிடைக்கும் ஒரு திறவுகோல் கோப்பும் வேண்டும். கிளிநொச்சியிலிருந்து அது ஏறக்குறைய நேர் கிழக்கே, அடிவானத்திலிருந்து 34 பாகை உயரத்தில் நிற்கிறது. புயல்கள் வரும் திசை.

யாரோ கைவிட்ட பழைய டிஷ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். இம்முறை தங்கை கழற்றச் சொல்லவில்லை. ஆனால் தெருப்பக்கம் தெரியக் கூடாது, கிணற்றடியில் வை என்று சொல்லிவிட்டாள். கிணற்றடியில் நின்று கிழக்கே பார்த்தால் அவளது முருங்கை மரம் குறுக்கே நிற்கிறது. எந்தக் கிளையைத் தறிப்பது என்பதில் தாய்க்கும் மகனுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.